ஒருமூச்சு யூட்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதையில் யாரும் சாகவில்லை. எங்கள் பக்கத்துக் கதை என்றால் ஆட்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டுதான் கேட்க உட்காருவார்கள். தேவையில்லை, நிமிர்ந்து உட்காருங்கள். என் அண்ணன் மத்தியானச் சோற்றுக்குப் பிறகு பக்கத்து அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருக்கிறார். அந்தக் குறட்டையைக் கேட்கக் கேட்க எனக்கு அப்பாடா என்று இருக்கிறது. போன மாதம் என் வாயால் அவருக்கு ஒரு வினை வந்தது.

நான் புனிதமலர். முல்லைத்தீவுப் பக்கம், நாயாற்றுப் பாலத்தடியில் கருவாட்டுக் கடை வைத்திருக்கிறேன். எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்று ஊரில் சொல்வார்கள். அது பொய். கோபம் நாக்கு நுனியில்தான் இருக்கிறது, மூக்குவரை ஏற அதற்கு நேரம் கிடைப்பதில்லை.

அண்ணனின் பெயர் யூட். பஸ்தியாம்பிள்ளையின் மூத்த மகன் என்றால் இங்கே தெரியும். ஆனால் தொண்ணூறுகளில் பாரிசிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்த தமிழ்ப் பெடியன்களுக்கு அவர் ‘ஒருமூச்சு யூட்’. தமிழில் ராப் பாடியவர். சுவரொட்டியெல்லாம் அடித்து, மண்டபம் நிறைய ஆட்கள் வந்து, கையெழுத்துக்கு வரிசையில் நின்ற காலம் ஒன்று அவருக்கு இருந்தது.

அவர் 1990இல் பத்தொன்பது வயதில் ஊரை விட்டுப் போனார். எங்கெங்கோ அலைந்து பாரிசில் ஓர் உணவகத்தின் குசினிக்குள் போய் விழுந்தார். வேலை, கோப்பை கழுவுவது. பக்கத்துத் தொட்டியில் சட்டி கழுவியவன் மாலி நாட்டுக்காரன், பெயர் மமடூ. அவன் சட்டியில் தட்டித் தட்டிப் பிரெஞ்சில் ராப் பாடுவானாம். அண்ணனுக்கு அப்போது பிரெஞ்சு தெரியாது. அவன் தன்னைத்தான் திட்டுகிறான் என்று நினைத்து, அதே தாளத்தில் தமிழில் திருப்பித் திட்டியிருக்கிறார். மமடூ சட்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து கட்டிப்பிடித்தானாம். ராப் பாடகர் யூட் பிறந்தது அப்படித்தான்.

அந்த நாளில் வெளிநாடு போன எல்லாரும் வீட்டுக்குப் பொய்தான் எழுதினார்கள். அண்ணனும் எழுதினார், நான் இங்கே மனேஜர், ஆயிரம் பேர் எனக்குக் கீழே என்று. உண்மையான மனேஜரின் கோட்டை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு படமும் எடுத்து அனுப்பினார். பிறகு அந்தப் பொய்யையே பாட்டாகக் கட்டினார்.

அம்மா, நான் மனேஜர்! பாரிசில மனேஜர்!
ஆயிரம் கோப்பை எனக்குக் கீழ வேலை!
கோட்டும் போட்டாச்சு, பிளாஸ்டிக் கோட்டு!
மழையும் பெய்யுது, சவர்க்கார மழை!

இப்படிப் பதினாறு வரி. 1995இல் பாரிசில் ஒரு பொங்கல் விழா. பாட வரவேண்டியவர் பிந்திவிட்டார். மேடையில் மைக் சும்மா நின்றது. வேலை முடிந்து பிளாஸ்டிக் ஏப்ரனோடு அப்படியே வந்திருந்த அண்ணன் ஏறிப் பிடித்தார். பதினாறு வரியையும் மூச்சு விடாமல் ஒரே இழுப்பில் சொல்லி முடித்தார். முன்வரிசையில் இருந்த பெரியவர்கள், “என்ன, மீன் ஏலம் போடுறானோ?” என்று முகத்தைச் சுளித்தார்களாம். பின்வரிசைப் பெடியன்கள் கதிரைகளுக்கு மேலே ஏறி நின்றார்களாம்.

அடுத்த வருடம் அவருடைய பாட்டுக் கசற் வந்தது. பிறகு ஊர் ஊராக மேடை. அறிவிப்பாளர்கள் ஓட்டப்போட்டி மணிக்கூட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார்கள். முப்பத்திரண்டு விநாடி, பதினாறு வரி, ஒரு மூச்சு. முப்பத்திரண்டில் முடித்தால் மண்டபம் இடிந்து விழுமளவு கைதட்டு. அந்த ஏப்ரன்தான் கடைசிவரை அவருடைய மேடை உடுப்பு. ஐந்து வருடம் ராசாவாக இருந்தார்.

பிறகு வழக்கமாக நடப்பது நடந்தது. இரண்டாவது கசற் ஓடவில்லை. மூன்றாவதில் யாரோ சொன்னார்கள் என்று காதல் பாட்டுப் பாடி, இருந்த பேரையும் கெடுத்துக்கொண்டார். அங்கேயே பிறந்த பிள்ளைகள் பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் ராப் பாடத் தொடங்கினார்கள். அண்ணனைக் கலியாண வீடுகளில் சிரிப்புக்காகக் கூப்பிட்டார்கள். அவருக்குக் கலியாணம் சரிவரவில்லை. கோப்பை கழுவுவதற்கே திரும்பிப் போனார். 2006இல் ஒரு சின்ன உணவகத்தில் அவரை உண்மையாகவே மனேஜராக்கினார்கள். ரெலிபோன் எடுத்துச் சொன்னார், நான் நம்பவில்லை. யாருமே நம்பவில்லை.

கொரோனா வந்த வருடம் அது அவரையும் பிடித்தது. ஆறு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தார். உயிர் வந்துவிட்டது, மூச்சு முழுதாக வரவில்லை. நுரையீரலில் பாதி தழும்பாகிவிட்டது, இனி இவ்வளவுதான் என்று டொக்டர்மார் சொல்லிவிட்டார்கள். போன வருடம் ஒரு பெட்டியோடும் மூச்சுக்கு அடிக்கிற ஒரு பம்ப்போடும் என்னிடம் வந்து சேர்ந்தார். ஐம்பது அடி நடந்தால் நிற்கவேண்டும். நிற்கும்போது யாராவது கண்டால் கடலைப் பார்ப்பதுபோல நிற்பார். ஒருமூச்சு யூட்டுக்கு மூச்சு வாங்குகிறது என்பதை ஊர் பார்க்கக்கூடாது, அவருக்கு அதுதான். சாவதற்குக்கூட அவர் இவ்வளவு பயப்படவில்லை.

ஏனென்றால் இங்கேயும் அவருக்குப் பேர் இருந்தது. அது எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாது. நானும் அம்மாவும் தொண்ணூறிலேயே படகேறி இந்தியாவுக்கு, மண்டபம் அகதி முகாமுக்குப் போய்விட்டோம். அம்மா அங்கேயே தொண்ணூற்றொன்பதில் கண்ணை மூடினா, அது வேறு கதை. நான் 2003இல்தான் திரும்பி வந்தேன். வந்து பார்த்தால் வன்னியில் பெருமை அடிக்கிற ஆளுக்கெல்லாம் ‘மனேஜர்’ என்று பட்டம். என்னை ‘மனேஜரின்ர தங்கச்சி’ என்றார்கள்.

ஸ்கந்தபுரத்திலிருந்து கிழமைக்கு ஒரு தடவை கருவாடு வாங்க வருகிற மீனம்மா அண்ணன் வந்த செய்தி கேட்டு வாய் நிறையச் சிரித்தாள். மீனம்மாவின் ஆட்கள் எழுபத்தேழுக் கலவரத்தில் மலையகத்து ஹற்றன் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வன்னிக்கு வந்தவர்கள். இத்தனை வருடமாகியும் அவளுடைய பேச்சு மாறவில்லை.

“மலரக்கா, மனேஜரு வந்துட்டாராமே! அவரு பாட்டுக்குத்தான் என் முழங்காலே தேஞ்சுச்சு.”

ஆடியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டேன்.

இனி என் நாக்கின் கதை. எங்கள் மாதா கோயில் திருநாளுக்கு மறுநாள் பின்னேரம் கலைநிகழ்ச்சி வைப்பது வழக்கம். அதற்கான கூட்டம் நடந்தது. கமிற்றிச் செயலாளர் டிலுசா, பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற நல்ல பிள்ளை. “அன்ரி, யூட் அங்கிளை மேடையில ஏத்தி ஒரு பொன்னாடை போடுவம். பாடத் தேவையில்லை, வந்து இருந்தாலே காணும்” என்றாள். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கூட்டத்தில் இருந்த ஒரு பெரிய மனிதர் சிரித்தார்.

“பாடவோ? அவரால நாலு வரி சொல்லேலாது. போன கிழமை பாலத்தில நிண்டு மூச்சிழுத்தவர், நான் என்ர கண்ணால கண்டனான்.”

எனக்குத் தலைக்குள் ஏதோ வெடித்தது.

“நாலு வரியோ? பதினாறு வரியும் பாடுவார்! ஒரே மூச்சில பாடுவார்! நீங்கள் மணிக்கூட்டைப் பிடிச்சுக்கொண்டு இருங்கோ!”

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அதற்குள் எல்லாரும் கைதட்டிவிட்டார்கள். டிலுசா கொப்பியில் எழுதிவிட்டாள். மூன்றாம் நாள் பாலத்தடியில் ஒரு பனர் தொங்கியது. ஏப்ரனோடு அண்ணனின் பழைய படம், கீழே ‘ஒருமூச்சு யூட் – ஒரே மூச்சில் பதினாறு வரிகள்’. சலூனுக்குப் போய்த் திரும்பிய அண்ணன் அதைப் பார்த்தார். வீட்டுக்கு வந்து கதிரையில் உட்கார்ந்தார். மூச்சு அடங்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது.

“ஆர் சொன்னது?”

“நான்தான் அண்ணை.”

அவர் கத்தியிருந்தால் நான் திருப்பிக் கத்தியிருப்பேன், அத்தோடு முடிந்திருக்கும். அவர் கத்தவில்லை. “மலர், என்னால மூண்டு வரிக்கு மேல ஏலாது” என்றார். “பாதியில நிண்டு நான் இழுக்கிறதை இவ்வளவு சனமும் பாக்கப்போகுது.”

“நான் போய் இல்லையெண்டு சொல்லிட்டு வாறன்.”

“சொன்னா ஏன் எண்டு கேப்பினம். என்ன சொல்லுவாய்?”

நான் போகவில்லை.

இரண்டு கிழமை பழகிப் பார்த்தார். விடியக் காலையில் ஆட்கள் இல்லாத கரைக்குப் போய்ச் சொல்லிப் பார்ப்பார். நான் பின்னால் போய்ப் படகு மறைவில் நிற்பேன். மூன்றாவது வரியில் குரல் தேய்ந்து, நாலாவதில் வெறும் காற்று வரும். பிறகு குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். நான் மாதாவிடம் எதையெதையோ நேர்ந்தேன். ஒரு மாதம் யாரையும் ஏசமாட்டேன் என்றுகூட நேர்ந்தேன். அது மாதாவுக்கே நம்பிக்கையில்லாத நேர்த்திதான்.

கடைசியில் அண்ணன் ஒரு வழி கண்டுபிடித்தார். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிற நிரோஜன் முல்லைத்தீவில் இருக்கிறான். முப்பத்தைந்து வயது, இரண்டு பிள்ளைகள், வாய் இறுக்கமானவன். அண்ணன் அவனை வீட்டுக்குக் கூப்பிட்டு, பழைய ஒலிப்பதிவை ஒரு பென்ட்ரைவில் கொடுத்தார்.

“நீர் இதைப் போடும். நான் வாயை மட்டும் அசைக்கிறன். மைக்கை நிப்பாட்டி வையும்.”

நிரோஜன் என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

“செய்யலாம் அண்ணை. இப்ப பெரிய பெரிய ஆக்களே அப்பிடித்தான்” என்றான்.

கள்ள வேலைதான். எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் அதைவிட ஆறுதலாக இருந்தது. அன்றைக்குத்தான் அண்ணன் ஒழுங்காகச் சாப்பிட்டார்.

அந்த நாள் வந்தது. பின்னேரம் நாலு மணி, நல்ல வெயில், கடற்காற்று. கோயிலுக்குப் பக்கத்தில் தகரக் கூரை போட்ட மேடை. அளம்பில், செம்மலை, கொக்கிளாய் என்று எல்லா இடத்துச் சனமும் வந்திருந்தது. மீனம்மா ஸ்கந்தபுரத்திலிருந்து ஒரு வான் பிடித்துப் பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு வந்து முன்வரிசைக் கதிரைகளைப் பிடித்திருந்தாள். கூட்டத்தில் சிரித்த பெரிய மனிதரும் இருந்தார். கையில் மணிக்கூடு இருந்ததோ என்னவோ, எனக்கு அப்படித்தான் தெரிந்தது. நான் மேடைப் படிக்குப் பக்கத்தில் நின்றேன். அண்ணன் விழுந்தால் பிடிப்பதற்கு அதுதான் வசதியான இடம்.

டிலுசா பேர் சொன்னாள். அண்ணன் ஏப்ரனோடு மேடையில் ஏறினார். இளம் பிள்ளைகள், யாரோ மீன்கடைக்காரர் ஏறிவிட்டார் என்று பார்த்தார்கள். நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் எழுந்து நின்றார்கள். “மனேஜர்! மனேஜர்!” என்று ஒரே சத்தம். அண்ணன் கையை உயர்த்தி நிரோஜனுக்குச் சைகை காட்டினார்.

பாட்டு வந்தது. முப்பது வருடத்துக்கு முந்திய குரல், சன்னமாக, மிஷின் துவக்குபோல் படபடவென்று. அண்ணன் வாயை அசைத்தார், நன்றாகத்தான் அசைத்தார். ஆனால் சனத்தின் முகம் மாறத் தொடங்கியது. நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கைதட்டு நின்றது. “என்ன இது?” என்று பின்னால் ஒரு குரல். “இது அந்தப் பாட்டில்லை!” என்று இன்னொரு குரல்.

கள்ளத்தைப் பிடித்துவிட்டார்கள் என்று நினைத்தேன். அண்ணனின் நெற்றியில் வியர்வை, வாய் பாட்டுக்கு இரண்டு சொல் பிந்திப் போய்க்கொண்டிருந்தது.

அப்போது மீனம்மா எழுந்தாள். அண்ணனைப் பார்க்கவில்லை. நிரோஜன் பக்கம் திரும்பி இடுப்பில் கையை வைத்தாள்.

“ஏ தம்பி! ஒன் மிஷின் கெட்டுப்போச்சு! வேகமா ஓடுது, எறக்கு!”

“ஓம், ஓடுது! இறக்கும்!” என்று நாலைந்து பேர். பிறகு பத்துப் பேர். பிறகு முன்பக்கம் முழுவதும். “இறக்கு! இறக்கு!” நிரோஜன் பாவம், தன் மிஷினில் பிழையில்லை என்று கையை விரித்துக் காட்டினான். யார் கேட்கிறார்கள்? கதிரையைத் தூக்கி எறிவார்கள் என்று பயந்து, பாட்டை முதலிலிருந்து போட்டு, கணினியில் எதையோ பிடித்துக் கீழே இழுத்தான்.

பாட்டு இழுபட்டது. அண்ணனின் சன்னக் குரல் தடித்து, ஆழமாகி, பாதித் தூக்கத்தில் இருக்கிற ஒரு பெரிய ஆளின் குரலாக மாறியது. அம்... மா... நான் மனே... ஜர். கெட்டுது காரியம் என்று நான் கண்ணை மூடினேன்.

கூரை பறக்கிற மாதிரி ஒரு சத்தம். கண்ணைத் திறந்தால் சனம் துள்ளுகிறது.

“அதுதான்! அதுதான் பாட்டு!”

எல்லாரும் சேர்ந்து பாடினார்கள். ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக, ஒருவர்கூடப் பிசகாமல். நாலாவது வரி முடிந்ததும் அத்தனை பேரும் ஒன்றாகக் கத்தினார்கள், “ஆள் மாத்து!” என்று. மூன்று தரம் கை தட்டினார்கள். பிறகு சும்மா நின்றார்கள். பாட்டு நிற்காமல் போய்க்கொண்டிருந்ததால் மறுபடியும் நிரோஜனுக்குத்தான் ஏச்சு.

“நிப்பாட்டுடா தம்பி! ஆள் மாத்தோணுமெல்லே!”

அவன் நிற்பாட்டினான். மேடையில் அண்ணன் வாயைத் திறந்தபடி நின்றார். மெதுவாக மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு நிரோஜனைப் பார்த்தார். நிரோஜன் மைக்குக்கு உயிர் கொடுத்தான்.

“என்ன ஆள் மாத்துறது?” என்று அண்ணன் கேட்டார். “எனக்கு விளங்கேல்லை. இது என்ர பாட்டில இல்லையே.”

சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. மீனம்மாதான் விளக்கினாள், மைக் இல்லாமலே எல்லாருக்கும் கேட்டது.

“ஐயா, தொண்ணூத்தேழுல எங்களுக்குக் கரண்டு ஏது? பற்றறியும் ஆமிக்காரங்க உள்ள வர விட மாட்டாங்க. கிளிநொச்சிச் சனம் பூராவும் சண்டையில ஓடி எங்க ஸ்கந்தபுரத்துக்கு வந்து கெடந்துச்சு. ஒங்க கசற்று ஒண்ணே ஒண்ணு யார் கையிலயோ வந்து சேந்துச்சு. சைக்கிள ஸ்ராண்டுல ஏத்தி, டைனமோவுல இருந்து ரேடியோவுக்கு வயரக் குடுத்து, மிதிச்சு மிதிச்சுத்தான் கேட்டோம். எவ்வளவு மிதிச்சாலும் அது இப்படித்தான் இழுத்துப் பாடும். மனேஜரு பாட்டுக்கு நாந்தான் மிதிப்பேன், நாந்தான் மிதிப்பேன்னு ஒரே சண்டை. அதால ஒரு ஆளுக்கு நாலு வரின்னு சட்டம் போட்டோம். நாலு வரி முடிஞ்சா ஆளு எறங்கணும். அடுத்த ஆளு மூணு கைதட்டுக்குள்ள ஏறணும், அது வரைக்கும் பாட்டு நிக்கும்.”

“இஞ்ச கரையிலயும் அப்பிடித்தான்!” என்று செம்மலைப் பக்கமிருந்து ஒருவர் கத்தினார்.

அண்ணன் மேடை விளிம்புக்கு வந்தார். “அப்ப ஒரே மூச்சில நீங்கள் ஒருதரும் கேக்கவே இல்லையோ?”

“ஒங்களுக்கு எங்கய்யா மூச்சு வாங்குச்சு? எங்களுக்குத்தான் வாங்குச்சு!” என்றாள் மீனம்மா.

டைனமோவில் செய்தி கேட்ட கதையெல்லாம் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். இதை ஒருவரும் சொல்லவில்லை. அவர்களுக்கு இது சொல்லவேண்டிய விசயமே இல்லை, பாட்டு என்றால் அதுதான். பிழையான வேகத்தில் கேட்டதையே சரியான பாட்டு என்று இருபத்தெட்டு வருடம் மனப்பாடமாக வைத்திருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது.

அண்ணன் நிரோஜனிடம், “அந்தப் பென்ட்ரைவைக் கழட்டி வையும் தம்பி” என்றார். பிறகு மைக்கை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனார். சனம் பாடிய அதே வேகத்தில், தன்னுடைய இப்போதைய குரலில் தொடங்கினார். நோய் அவருடைய குரலைத் தடிக்கவைத்திருந்தது. அவர்களுடைய கசற்றில் இருந்த குரலும் அதுதான். ஒரு வரி, இரண்டு, மூன்று. நாலாவதில் குரல் தேய்ந்தது.

“ஆள் மாத்து!”

மூன்று கைதட்டு. அதற்கிடையில் அண்ணன் மூச்சை எடுத்துவிட்டார். அடுத்த நாலு வரி. “ஆள் மாத்து!” மூச்சு. அதற்கடுத்த நாலு. ஆட்கள் நடுவில் நின்று கொஞ்சம் கூடுதலாகவே சிரித்துக் கைதட்டினார்கள், அவருக்கு அது இன்னும் வசதியாகப் போய்விட்டது. அவர் மூச்சு வாங்குவதை அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை, சைக்கிளிலிருந்து இறங்குகிற ஆள் மூச்சு வாங்கத்தானே செய்யும். என் உடம்பில் இரண்டு கிழமையாக இறுகிக் கிடந்ததெல்லாம் கழன்று போவது எனக்கே தெரிந்தது.

கடைசி நாலு வரி மிச்சம். அண்ணன் வாயைத் திறந்தார், வரவில்லை. உடம்பில் இருந்தது முடிந்துவிட்டது. பம்ப்பை எடுத்தார். கூட்டம் இன்னொரு தரம் கத்தியது, இந்தமுறை அவரைப் பார்த்து, சிரித்துக்கொண்டே, “ஆள் மாத்து!”

அண்ணன் படியில் நின்ற என்னைப் பார்த்தார். மைக்கை நீட்டினார்.

அந்த நாலு வரியைப் பற்றி ஒரு விசயம் சொல்லவேண்டும். கோட்டுப் போட்ட படம் வந்தபோது அம்மாவுக்கு எழுதத் தெரியாததால் அவா சொல்லச் சொல்ல நான்தான் பதில் எழுதினேன். அந்தக் கடிதத்தைத்தான் அண்ணன் கடைசி நாலு வரியாக வைத்திருந்தார். பாரிசிலும் லண்டனிலும் அந்த இடம் வரும்போது அறிவிப்பாளர் விநாடி எண்ணத் தொடங்கிவிடுவார், மண்டபம் கத்தத் தொடங்கிவிடும். ஒரு மேடையிலும் ஒருவர் காதிலும் அது விழுந்ததில்லை என்று அண்ணன் எனக்கு ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

நான் ஏறி மைக்கை வாங்கினேன். எனக்குப் பாட வராது. கருவாடு விற்கிற தொண்டைதான். ஆறுதலாகச் சொன்னேன்.

மனேஜர் மகனே, படம் வந்து சேர்ந்தது,
கோட்டு நல்ல வடிவு, முகம் வாடிப்போச்சு.
ஆயிரம் பேரில ஒராளைக் கூப்பிட்டு
மனேஜருக்குக் கொஞ்சம் சோறு போடச் சொல்லு.

என்னோடு சேர்ந்து முழுச் சனமும் சொன்னது, ஒரு சொல் பிசகாமல். கத்தாமல், அம்மா சொன்னது போலவே.

பொன்னாடையெல்லாம் போட்டு முடிந்து கீழே இறங்கியதும் மீனம்மா வந்து அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணன் அவளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“அந்தக் கடைசி நாலு வரியும் உங்களுக்கு விளங்கினதோ?”

“வெளங்காம என்னா? அதுக்கு மட்டும் வரிசை கெடயாதுங்கய்யா. நல்ல கால் உள்ள ஆளாப் பாத்து ஏத்துவோம், ஒரு சொல்லும் தேயக்கூடாதுன்னு. எங்க பொடியங்களும் வெளிநாட்டுலதான இருந்தாங்க.”

அண்ணன் அழுதார். மறைக்காமல், அந்தப் பிளாஸ்டிக் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துத் துடைத்து அழுதார். நானும் அழுதேன், ஆனால் எனக்கு அது முழுக்க நிம்மதி.

வெயில் தாழ வீட்டுக்கு நடந்தோம். பின்னால் டிலுசாவும் மீனம்மாவின் ஆட்களும் கூட்டத்தில் சிரித்த அந்தப் பெரிய மனிதரும் வந்துகொண்டிருந்தார்கள். பாலத்தடியில் அண்ணன் நின்றார். முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, எல்லாருக்கும் கேட்க மூச்சு வாங்கினார்.

“கொஞ்சம் பொறுங்கோ. எனக்கு மூச்சு வாங்குது” என்றார்.

எல்லாரும் நின்றார்கள்.